கிரானுலோசா செல் கட்டி: அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு செய்ய வேண்டியவை

புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டால், கோயிலில் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு, மருத்துவக் கோப்பைப் பரணில் தூக்கிப் போட்டுவிடுவது நம் வீடுகளில் வழக்கம். சில புற்றுநோய்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரிவரும். சினைப்பையில் தோன்றும் கிரானுலோசா செல் கட்டிக்கு அறவே சரிவராது. மெதுவாக வளரும் கட்டி இது. திரும்பி வந்தாலும் மெதுவாகவே வரும். முதல் அறுவைக்கு இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பிய நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்கிறேன். கருப்பையின் தசையில் வரும் லியோமயோசார்கோமாவும் ஓர் அரிய மகளிர் புற்றுநோய்தான். அது பாதிப்பேருக்கும் மேல் திரும்புகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள். பல நேரம் நுரையீரலில். ஒரே தலைப்பின் கீழ் வைக்கப்படும் இரண்டு நோய்கள், இரண்டு வேறு காலக்கணக்குகள். அதனால் ‘புற்றுநோய் திரும்ப வருமா?’ என்று பொதுவாகக் கேட்டால் யாரிடமிருந்தும் உருப்படியான பதில் வராது. உங்கள் கட்டியின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சினைப்பைப் புற்றுநோய்களில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரைதான் கிரானுலோசா வகை. ‘நீர்க்கட்டி என்றுதான் ஆபரேஷன் செய்தார்கள், பயாப்சி முடிவு வந்த பிறகுதான் இந்தப் பெயரே தெரிந்தது’ என்பவர்கள் பலர். அவர்களுக்கும், அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் வீட்டாருக்கும்தான் இந்தக் கட்டுரை. சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர். அவர் முன்னால் உட்காரக் கிடைக்கும் சில நிமிடங்களில் எதைக் கேட்பது என்பதற்கு மட்டுமே இது உதவும்.

முதல் வேலை: பெயரை உறுதி செய்துகொள்ளுங்கள்

பயாப்சி ரிப்போர்ட்டில் ‘கிரானுலோசா செல் கட்டி’ என்று மட்டும் இருந்தால் போதாது. பெரியவர் வகையா, இளவயது வகையா என்று இருக்க வேண்டும். நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்குப் பெரியவர் வகை. இளவயது வகை பெரும்பாலும் முப்பது வயதுக்குள் வருவது. அது திரும்புவதானால் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும். பெரியவர் வகைக்குத்தான் பல பத்தாண்டுக் கணக்கு. வகையைத் தீர்மானிப்பது நுண்ணோக்கியில் தெரியும் செல்களின் தோற்றம். நோயாளியின் வயது அல்ல. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் பெரியவர் வகை வரலாம்.

ரிப்போர்ட்டில் ‘கால்–எக்ஸ்னர்’ என்று இரண்டு பெயர்கள் தென்படலாம். செல்கள் சின்னச் சின்ன வட்டங்களாகச் சூழ்ந்து நிற்கும் அமைப்பு அது. இந்தக் கட்டியின் அடையாளங்களில் ஒன்று. எம்மா கால் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர் வியன்னாவுக்குப் போய், சீக்மண்ட் எக்ஸ்னருடன் சேர்ந்து 1875-இல் விவரித்தது. பெண்கள் மருத்துவம் படிப்பதே அதிசயமாக இருந்த காலம்! சிகிச்சைக்கும் இந்தத் தகவலுக்கும் தொடர்பில்லை; பயந்து பயந்து படிக்கும் காகிதத்தில் இப்படியும் ஒரு பெயர் இருக்கிறதே என்பதற்காகச் சொன்னேன்.

செல்லின் உட்கருவில் காப்பிக் கொட்டையில் இருப்பதுபோல் ஒரு பள்ளம் தெரிவதும் இன்னொரு அடையாளம். ஆனால் இந்த அடையாளங்கள் எல்லாக் கட்டியிலும் பளிச்சென்று தெரிவதில்லை. வேறு சில சினைப்பைக் கட்டிகள் இதைப்போலவே தோற்றம் காட்டும். 2009-இல் கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டார்கள்: பெரியவர் வகைக் கட்டிகள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணுவில், அதே ஓர் இடத்தில், அதே ஒரு மாற்றம் இருக்கிறது. அதனால் ரிப்போர்ட்டில் சந்தேகம் தொனித்தால், ‘ஃபாக்ஸ்எல்2 சோதனை தேவையா?’ என்று கேட்கலாம். எல்லாருக்கும் தேவைப்படாது.

அரிய கட்டி என்றால் ஸ்லைடுகளை இன்னொரு நோய்க்குறியியல் நிபுணர் பார்ப்பது நல்லது. முதல் ரிப்போர்ட் எழுதியவரை அவமதிப்பதாக நினைத்துத் தயங்க வேண்டாம். இது உலகெங்கும் உள்ள நடைமுறைதான். தமிழ்நாட்டில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., வெளியே மும்பை டாடா நினைவு மருத்துவமனை, இலங்கையில் மகரகம மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் இத்தகைய கட்டிகளை அடிக்கடி பார்த்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள்.

அதற்கு ஸ்லைடு மட்டும் போதாது, ‘பிளாக்’ வேண்டும். கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சின்னக் கட்டை அது. பரிசோதனைக்கூடங்கள் அதைச் சில ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு அகற்றிவிடுவதுண்டு. திரும்பி வர இருபது ஆண்டு எடுத்துக்கொள்ளக்கூடிய நோய்க்கு அது போதாத காலம். எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். மெழுகு ஏறத்தாழ 56 முதல் 60 டிகிரியில் உருகிவிடும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இரண்டாவது: கட்டி உடைந்ததா?

நோயின் நிலையை 1 முதல் 4 வரை சொல்வார்கள். கிரானுலோசா கட்டி பெரும்பாலோருக்கு நிலை 1-இலேயே, அதாவது சினைப்பையைத் தாண்டாத கட்டத்திலேயே பிடிபடுகிறது. அது நல்ல செய்தி. ஆனால் ‘ஸ்டேஜ் ஒன்று’ என்று கேட்டவுடன் நிம்மதியாக எழுந்து வந்துவிடாதீர்கள். அந்த ஒன்றுக்குள்தான் முக்கியமான பிரிவு இருக்கிறது.

1ஏ என்றால் ஒரு சினைப்பைக்குள், உறை உடையாமல் இருந்த கட்டி. 1பி இரண்டு சினைப்பைகளிலும் இருப்பது. 1சி என்பதை 2014 முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டு வகைப்பாடு மூன்றாகப் பிரிக்கிறது. 1சி1: அறுவையின்போது கட்டி உடைந்து உள்ளே சிந்தியது. 1சி2: அறுவைக்கு முன்பே உடைந்திருந்தது, அல்லது சினைப்பையின் மேற்பரப்புக்கே கட்டி வந்துவிட்டது. 1சி3: வயிற்று நீரிலோ, வயிற்றைக் கழுவி எடுத்த நீரிலோ புற்றுசெல்கள் தெரிந்தன. 1ஏ-யை விட 1சி-யில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதில் ஆய்வுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

இந்தத் தகவல் டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் இருக்காது. ‘வலப்பக்கச் சினைப்பைக் கட்டி அகற்றப்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு முடித்துவிடுவார்கள். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது அறுவைக் குறிப்பு. கட்டி முழுதாக வெளியே வந்ததா, லேப்ராஸ்கோபி என்றால் பைக்குள் போட்டு எடுத்தார்களா, துளையிட்டு நீரை உறிஞ்சினார்களா, கழுவிய நீரைச் சோதனைக்கு அனுப்பினார்களா, குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையிலிருந்து மாதிரி எடுத்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். நீர்க்கட்டி என்று நம்பி அறுத்தவர் இவற்றில் சிலவற்றைச் செய்யாமல் விட்டிருக்கலாம்; அன்று அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இப்போது தேவையான கேள்வி, ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதுமா, இன்னொரு அறுவை செய்து நிலையை உறுதிப்படுத்த வேண்டுமா என்பது. இதற்கு மகளிர் புற்றுநோய் அறுவை நிபுணர் ஒருவரின் கருத்தைக் கேளுங்கள். நிணநீர்க் கணுக்களை எடுக்கவில்லையே என்று மட்டும் கவலைப்பட வேண்டாம். இந்தக் கட்டி அங்கே பரவுவது அபூர்வம். கணுக்கள் வீங்கியிருந்தால் தவிர, வழக்கமாக எடுப்பதில்லை.

மூன்றாவது: எண்களைப் படிக்கும் விதம்

இணையத்தில் தேடியவுடன் கண்ணில் படும் எண்கள் ஏறத்தாழ இவை. நிலை 1-இல் ஐந்தாண்டு உயிர்வாழ்வு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். எல்லா நிலைகளையும் சேர்த்தால், நோய் திரும்புவது நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேருக்கு. திரும்பியவர்களில் பாதிப்பேருக்கு அது நான்கு முதல் ஆறு ஆண்டுகளுக்குள் நடக்கிறது. இந்த மூன்றாவது எண்ணைக் கொஞ்சம் யோசியுங்கள். பாதிப்பேருக்கு ஏறக்குறைய ஐந்தாண்டுக்குள் திரும்புகிறது என்றால், மீதிப் பாதிக்கு அதற்குப் பிறகுதான். கோப்பு பரணுக்குப் போகும் அதே நேரம்.

ஆய்வு முடிவு எதைப் பார்த்தாலும் முதலில் தேட வேண்டியது, நோயாளிகளை எவ்வளவு காலம் பின்தொடர்ந்தார்கள் என்பதை. கணக்குக்காக ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: ஓர் ஆய்வில் 40 பெண்கள், சராசரியாக நான்கு ஆண்டுகள் கண்காணிப்பு, நான்கு பேருக்கு நோய் திரும்பியது. கட்டுரையின் சுருக்கத்தில் ‘மீள்வு விகிதம் நூற்றுக்குப் பத்து’ என்று போடுவார்கள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் எட்டாம் ஆண்டில் திரும்பப் போகிறவர் அந்தக் கணக்கில் ‘நோயற்றவர்’ ஆகத்தான் நிற்பார். வேகமாகத் திரும்பும் புற்றுநோய்க்கு நான்காண்டுக் கண்காணிப்பு போதும். கிரானுலோசாவுக்குப் பத்தாண்டுக்குக் குறைந்த எதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வரைபடம் இருந்தால், அது பெரும்பாலும் கப்லான், மேயர் என்ற இருவர் 1958-இல் தந்த முறையில் வரைந்ததாக இருக்கும். படிக்கட்டுபோல் இறங்கும் கோட்டில் ஒவ்வோர் இறக்கமும் ஒருவருக்கோ சிலருக்கோ நேர்ந்ததைக் காட்டும். கோட்டின் மேல் தெரியும் சின்னக் குறிகள், அதுவரை நலமாக இருந்து அதன்பின் தகவல் இல்லாதவர்கள். வலப்பக்க ஓரத்துக்குப் போகப் போகக் கணக்கில் மிச்சமிருப்பவர்கள் குறைந்துகொண்டே வருவார்கள். ஐந்து பேரே மிஞ்சியிருக்கும் இடத்தில் ஒருவருக்கு நோய் திரும்பினால் கோடு மடாரென்று விழும். அதைப் பார்த்துப் பதறாதீர்கள். அதே காரணத்தால், அங்கே கோடு சமமாக நீண்டிருந்தாலும் மகிழ்ந்துவிடாதீர்கள். படத்தின் அடியில் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேர் எஞ்சினார்கள் என்ற எண்கள் இருந்தால் அதைப் பாருங்கள். அந்த வரிசையே இல்லாத படத்துக்கு மதிப்புக் குறைவு.

இன்னொன்று, ‘மொத்த உயிர்வாழ்வு’ வேறு, ‘நோயற்ற உயிர்வாழ்வு’ வேறு. இந்தக் கட்டியில் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. நோய் திரும்பி, மறுபடி அறுவை செய்து, பல ஆண்டுகள் வாழ்பவர்கள் இருப்பதால்தான் அந்த இடைவெளி. நோயற்ற உயிர்வாழ்வு எண்ணைப் பார்த்து ஆயுளைக் கணக்கிடாதீர்கள். பழைய ஆய்வுகளை, குறிப்பாக ஃபாக்ஸ்எல்2 சோதனை வருவதற்கு முந்தையவற்றை, இன்னும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். அவற்றில் தவறாகப் பெயரிடப்பட்ட வேறு கட்டிகளும் கலந்திருந்தன.

மருத்துவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைக் கேளுங்கள்: ‘என் நிலையில், என்னைப் போன்றவர்களுக்குப் பத்து ஆண்டுகளில் எத்தனை பேருக்குத் திரும்புகிறது?’

நான்காவது: கண்காணிப்புக்கு ஓர் அட்டவணை

முதல் இரண்டு ஆண்டுகள் சில மாதங்களுக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என்பது பொதுவான வழக்கம். இடைவெளியை உங்கள் நிலையைப் பார்த்து மருத்துவர் மாற்றுவார். ‘இனி வர வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் மட்டும், ‘இந்தக் கட்டி தாமதமாகத் திரும்பும் என்கிறார்களே?’ என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் உடற்பரிசோதனை, இடுப்புப் பரிசோதனை, கூடவே ஓர் இரத்தச் சோதனை: இன்ஹிபின் பி. கிரானுலோசா செல்கள் சுரக்கும் பொருள் இது. சினைப்பைப் புற்றுநோய்க்கு எல்லாரும் எழுதிக் கொடுக்கும் சி.ஏ. 125 இந்தக் கட்டிக்கு நம்பத்தக்கதல்ல. அது இயல்பாக இருக்கிறது என்று ஆறுதல் அடைய வேண்டாம். இன்ஹிபினோடு ஏ.எம்.எச். என்ற ஹார்மோனையும் சில இடங்களில் பார்க்கிறார்கள்.

இன்ஹிபினில் கவனிக்க வேண்டியவை உண்டு. மாதவிடாய் நின்றவருக்கும், இரண்டு சினைப்பைகளும் எடுக்கப்பட்டவருக்கும் அது ஏறத்தாழ அளக்க முடியாத அளவில் இருக்க வேண்டும். அங்கே சிறு ஏற்றமும் கவனத்துக்குரியது. ஒரு சினைப்பையை விட்டுவைத்திருக்கும் இளம்பெண்ணுக்கு அது மாதச் சுழற்சியோடு ஏறி இறங்கும். சுழற்சியின் முதல் பாதியில் உயரும். அவர் ஒவ்வொரு முறையும் சுழற்சியின் ஏறக்குறைய அதே நாளில் இரத்தம் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். சோதனைக்கூடத்துக்குச் சோதனைக்கூடம் முறையும் அளவும் மாறும் என்பதால், ஒரே இடத்தில் எடுப்பது நல்லது. ஒற்றை எண்ணைவிட, தேதிவாரியாக எழுதிய வரிசைதான் பேசும். ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

ஸ்கேன் எப்போது, எவ்வளவு அடிக்கடி என்பதில் மையத்துக்கு மையம் வேறுபாடு உண்டு. விலை அதிகம் என்பதற்காகப் பெட் ஸ்கேன்தான் சிறந்தது என்று நினைத்து நீங்களாகக் கேட்டு எடுக்காதீர்கள். மெதுவாக வளரும் இந்தக் கட்டி அதில் ஒளிராமலே இருந்துவிடலாம். சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் பொதுவாகப் போதும்.

ஐந்தாவது: மிச்சமிருக்கும் முடிவுகள்

இந்தக் கட்டி ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு என்று மருத்துவமனைக்கு வந்து, கடைசியில் சினைப்பைக் கட்டி தெரியவருவது அதனால்தான். அதே ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்படலத்தைத் தடிக்கச் செய்யும். சிலருக்கு அங்கேயே புற்றுநோயும் உடன் இருக்கும். கருப்பை எடுக்கப்படவில்லை என்றால், உட்படலத்திலிருந்து பயாப்சி எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால், இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாவற்றையும்விட முதலில் செய்ய வேண்டியது அது.

குழந்தை வேண்டும் என்று இருப்பவருக்கு, நிலை 1ஏ-யில் பாதித்த சினைப்பையையும் குழாயையும் மட்டும் எடுத்துவிட்டு மற்றதைக் காப்பது ஏற்கப்பட்ட சிகிச்சை. பிள்ளைப்பேறு முடிந்த பின் மீதியையும் எடுக்க வேண்டுமா என்பதில் நிபுணர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. உங்கள் மருத்துவர் எந்தப் பக்கம், ஏன் என்று கேளுங்கள்.

நிலை 1ஏ-க்கு அறுவைக்குப் பின் கீமோதெரபி பொதுவாகத் தேவையில்லை. 1சி-யில் விவாதம் நடக்கிறது. அதற்கு மேற்பட்ட நிலைகளில் பிளாட்டினம் சேர்ந்த மருந்துகளைக் கொடுப்பது வழக்கம்: பிளியோமைசின், எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின் மூன்றும் சேர்ந்தது ஒன்று, பக்லிடாக்சல், கார்போபிளாட்டின் சேர்ந்தது இன்னொன்று. பிளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கக்கூடியது; ஏற்கெனவே மூச்சுப் பிரச்சினை இருந்தால் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு சினைப்பைகளும் போன பிறகு உடம்பு கொதிப்பதும், தூக்கம் கெடுவதும், எலும்பு தேய்வதும் உண்மையான துன்பங்கள். அதற்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைப் பக்கத்து மருத்துவரிடம் வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள். ஹார்மோனுக்கு வசப்படும் கட்டி என்பதால் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாதது அது. ‘இயற்கை ஹார்மோன்’ என்று விற்பவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

திரும்பி வந்துவிட்டால்

பெரும்பாலும் இடுப்புக்குழியிலோ வயிற்றின் உள்ளுறையிலோதான் திரும்பும். கல்லீரல், நுரையீரல், எலும்பு ஆகியவை அதைவிட அரிது. மீண்டும் அறுவைதான் முதல் தேர்வு, முழுதாக எடுக்க முடியும் என்றால். எடுத்துவிட்டு நலமாக இருந்து, பல ஆண்டு கழித்து மூன்றாம் முறையும் அறுவை செய்துகொண்டவர்கள் உண்டு. முழுதாக எடுக்க முடியாதபோது கீமோதெரபி, லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரைகள், ஓரிடத்தில் மட்டும் இருந்தால் கதிர்வீச்சு என்று வழிகள் இருக்கின்றன. மெதுவான நோய் என்பதால், ஒரு மாதம் எடுத்து இரண்டாவது கருத்துக் கேட்பதற்கு அநேகமாக நேரம் இருக்கும். இதை மருத்துவரிடமே உறுதி செய்துகொள்ளுங்கள்.

காத்திருக்கக் கூடாதது ஒன்று மட்டும். இந்தக் கட்டிக்கு இரத்த ஓட்டம் அதிகம். சில நேரம் வயிற்றுக்குள் வெடித்து இரத்தம் கொட்டும். திடீர் வயிற்றுவலியோடு தலைசுற்றலும் வியர்வையும் வந்தால் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே இருக்கும் இளம் மருத்துவரிடம் ‘எப்போதோ கர்ப்பப்பை ஆபரேஷன்’ என்று சொல்வதில் பயனில்லை. ‘கிரானுலோசா செல் கட்டி, இன்ன ஆண்டு, இன்ன நிலை’ என்று சொல்ல வேண்டும்.

அதற்காக ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். கட்டியின் முழுப் பெயர், வகை, நிலை, உடைந்ததா இல்லையா, எடுக்கப்பட்ட உறுப்புகள், கீமோ மருந்துகள், கடைசி இன்ஹிபின் அளவும் தேதியும், பிளாக் எங்கே இருக்கிறது என்பது. கைப்பேசியில் ஒரு படம், பையில் ஒரு நகல், பிள்ளைகளில் ஒருவரிடம் ஒரு நகல்.

பிள்ளைகள் என்றதும் மகள்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘எனக்கும் வருமா?’ பெரியவர் வகையில் காணும் ஃபாக்ஸ்எல்2 மாற்றம் கட்டிக்குள் மட்டும் ஏற்பட்டது, பரம்பரையாக வந்ததல்ல. தாய்க்கு இருந்தது என்பதற்காக மகள் அச்சப்படத் தேவையில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் கிரானுலோசாவுக்குப் பதிலாக ‘செர்டோலி–லேடிக்’ என்று இருந்தால் கதை வேறு: அந்தக் கட்டி டைசர்1 என்ற மரபணுவின் பரம்பரை மாற்றத்தோடு தொடர்புடையதாக இருக்கலாம், குடும்பத்துக்கே மரபணு ஆலோசனை தேவைப்படும். பெயரை உறுதி செய்வதை முதல் வேலையாக வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.